அரம் போட்ட பேரல்

சுனிதா கோபக்காரி. மாரிகுப்பம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தண்ணீர் லாரிக்காரன் பாதித் தெருவோடு திரும்பப் பார்த்தால் அவள் குரல்தான் முதலில் எழும். ரேஷன் கடையில் தராசு ஏமாற்றினால் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்தக் குரலுக்குத்தான் வேலை கொடுத்தார்கள் என்று அவள் கணவன் ராகேஷ் கேலி செய்வான். ஹோம் கார்டில் சில வருஷம் இருந்துவிட்டு, ராபர்ட்சன்பேட்டையில் கனகசக்தி கோல்டு லோன் கம்பெனியின் கிளையில் துப்பாக்கிக் காவலராகச் சேர்ந்திருந்தாள். நகை அடகு வைக்க வருகிறவர்களில் பெண்களே அதிகம். வாசலில் ஒரு பெண் நின்றால் அவர்கள் கூச்சப்படாமல் உள்ளே வருவார்கள் என்று கம்பெனி கணக்குப் போட்டது. காக்கிச் சட்டையும் இடுப்பில் ரிவால்வருமாக அவள் நடந்து வருவதைப் பார்க்கத் தெருப் பெண்கள் கதவுக்கு வெளியே வந்து நிற்பார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

கம்பெனி தன் நான்கு கிளைகளுக்கும் புதிதாக நான்கு ரிவால்வர் வாங்கியது. பேத்தமங்களா ரோட்டில் இருக்கும் ரைபிள் கிளப்பில் காவலர்களுக்குப் பயிற்சி. மூடிப்போன தங்க மைன்ஸ் கழித்துப்போட்ட சயனைட் மண் குன்று மாதிரி நிற்கும் இடம் அது. குண்டு எங்கே போனாலும் அந்த மண் வாங்கிக்கொள்ளும். முதல் நாள் முதல் ஆறு தோட்டாவும் நன்றாகத்தான் போயின. இரண்டாவது தடவை நிரப்பிச் சுட்டபோது சுனிதாவின் ரிவால்வரில் சிலிண்டர் சுற்றவில்லை. டிரிகர் பாதியில் கல் மாதிரி நின்றுவிட்டது. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த மனோகருக்கும் அதே கதிதான். மனோகர் நந்திதுர்க் பக்கத்துப் பையன்; பேங்க் ரோடு கிளைக் காவலர்; அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவன் சத்தமில்லாமல் கட்டைவிரலால் சிலிண்டரைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். சுனிதாவால் அப்படி இருக்க முடியவில்லை.

“இன்னா சார் இது?” என்று ஏரியா மேனேஜர் கௌதமிடம் திரும்பினாள். “திருடன் வந்தா, கொஞ்சம் இருப்பா, இத்த சுத்திட்டு வரேன்னு சொல்லட்டுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். கௌதமும் சிரித்தான். கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை அவன். எதற்கும் முகம் சுளிக்க மாட்டான். கிளப்பின் துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்ளும் டென்சில் வந்து ரிவால்வரை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.

“பேரலோட பின்பக்கம் சிலிண்டர முட்டிக்கினு கீது,” என்றார். “ரெண்டுக்கும் நடுவுல ஒரு பேப்பர் போற அளவுக்காவது எடம் வேணும். சூடானா, கரி சேந்தா, புடிச்சிக்கும். புது மால்தானே? செஞ்சவங்களுக்கே திருப்பி அனுப்பிடுங்க சார். அவங்கதான் சரியா மாட்டித் தரணும்.”

“ஆகட்டும், அனுப்பிடலாம்,” என்றான் கௌதம்.

அந்த வாரமே நான்கும் திரும்பி வந்தன. சுனிதா சிலிண்டரைச் சுற்றிப் பார்த்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓடியது. எத்தனை தடவை இழுத்தாலும் சிக்கவில்லை. கோபப்படத் தெரிந்தவளுக்கு நன்றி சொல்லவும் தெரியும். கௌதமுக்கு போன் போட்டு, “சூப்பரா கீது சார், தேங்க்ஸ்,” என்றாள்.

அந்த ‘தேங்க்ஸ்’ பின்னால் அவள் நெஞ்சில் முள் மாதிரி கிடந்தது.

அடுத்த பயிற்சியன்று மனோகர் அவளுக்கு இடப்பக்கம் நின்று சுட்டுக்கொண்டிருந்தான். நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. அவள் தன் முறைக்காக மேசைமேல் குனிந்து தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தாள். மனோகர் கையை நீட்டிச் சுட்டான். குண்டு நேராக இலக்குக்குத்தான் போனது. ஆனால் அவள் இடது கண்ணில் யாரோ பழுக்கக் காய்ச்சிய ஊசியைச் செருகியது போலிருந்தது. கண்ணைப் பொத்திய கை நனைந்தது. கத்தினாளா என்று அவளுக்கு ஞாபகமில்லை. மனோகர் கத்தியது மட்டும் கேட்டது.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் அரிசி உடைசல் அளவு ஈயத் துணுக்கை எடுத்தார்கள். பார்வையை மீட்டுத் தர முடியவில்லை. டாக்டர் அதைச் சொன்னபோது ராகேஷ்தான் அழுதான். சுனிதாவுக்கு அழுகை வரவில்லை. முன்னால் நின்றவன் சுட்டு வந்த காயமென்றால் ஒருவேளை அழுதிருப்பாள். பக்கத்தில் நின்றவன் சுட்டு, அது எப்படி இங்கே வரும்? அந்தக் கேள்வி அவளைத் தூங்க விடவில்லை. தினமும் வந்து கட்டில் ஓரம் நின்ற மனோகரிடம் அதையேதான் கேட்டாள்.

“தெரிலக்கா,” என்று தரையைப் பார்த்தான் அவன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை.

பதில் டென்சிலிடமிருந்து வந்தது. மனோகர் சுட்ட ரிவால்வரைப் போலீஸ் எடுத்துப் போகும் முன்னால் அவர் அதைத் திறந்து பார்த்திருந்தார். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கை விரல்களையும் குழாய் மாதிரி மடித்து ஒன்றின் பின் ஒன்றாக வைத்துக் காட்டினார்.

“ரிவால்வர்ல குண்டு சிலிண்டர்லருந்து பேரலுக்குத் தாவும் மா. தாவுற எடத்துல பேரல் வாய் புனல் மாதிரி விரிஞ்சிருக்கணும். அப்பதான் குண்டு கொஞ்சம் தள்ளி வந்தாலும் உள்ள வழுக்கிப் போயிடும். உங்க துப்பாக்கில அந்தப் புனலே இல்ல. யாரோ அரம் போட்டு ராவியிருக்காங்க, அதுவும் கோணலா. முட்டற வரைக்கும் சிக்கிச்சி. ராவினதும் சிக்கல. ஆனா இப்ப குண்டு வாய் ஓரத்துல இடிச்சி, ஒரு சீவல் பக்கத்துல பறக்குது.”

“செஞ்ச கம்பெனிக்காரனா ராவினான்?”

“அவன் இப்டி ராவ மாட்டான். இது லேத் பட்டறை வேல. லைசென்ஸ் இல்லாத எடத்துல துப்பாக்கிமேல கை வெக்கறதே தப்பு.”

சுனிதா எழுந்து உட்கார்ந்தாள். “சிக்குதுன்னு கத்தினது நான்தானே!” என்றாள். “நல்லா ஓடுதுன்னு தேங்க்ஸ் சொன்னதும் நான்தானே! என் வாயாலயே என் கண்ண வாங்கிக்கினேன்!” பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் ஓடி வந்து படுக்க வைத்தாள்.

வீட்டுக்கு வந்த மறு ஞாயிறு கௌதம் வந்தான். ஆப்பிளும் மாதுளையுமாக ஒரு பெரிய பை. ராகேஷ் நாற்காலி போட்டான். கௌதம் உட்காரும் முன்பே சுனிதா ஆரம்பித்துவிட்டாள்.

“பேரல எங்க குடுத்து ராவினீங்க சார்?”

அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “அதெல்லாம் டெக்னிகல் விஷயம், அப்புறம் பேசலாம்,” என்றான். “ட்ரீட்மென்ட் முழுக்க கம்பெனி பாத்துக்கும். உங்களுக்கு ஹெட் ஆபீஸ்ல ரிசப்ஷன் வேல. ஏசி ரூம், நிக்க வேண்டாம். நீங்க ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணணும். போலீஸ் கேட்டா, சேஃப்டி கண்ணாடிய கழட்டி மேசமேல வெச்சிருந்தேன்னு சொல்லிடுங்க. அவ்ளோதான்.”

“எந்தக் கண்ணாடி?”

“அதான், சேஃப்டி…”

“எந்தக் கண்ணாடி சார்? எப்ப குடுத்தீங்க? யார் கையில குடுத்தீங்க?”

ராகேஷ் அவள் தோளைத் தொட்டான். “சுனி, அவர் சொல்றத முழுசா கேளு,” என்றான். அவனுக்கு ஏசி அறை வேலை காதில் விழுந்திருந்தது. தினமும் விடியற்காலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூர் போகிறவன். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் சுனிதா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“மனோகர் ஏற்கெனவே அப்படித்தான் ஸ்டேட்மென்ட் குடுத்திருக்கான்,” என்றான் கௌதம் மெதுவாக. “நீங்க மாத்திச் சொன்னா, அவன்மேலதான் கேஸ் திரும்பும். பாவம், அவன் சம்சாரம் மாசமா இருக்கா. யோசிங்க.”

பழப்பை வாசலுக்கு வெளியே போய் விழுந்தது. மாதுளைகள் சாக்கடை ஓரம் வரை உருண்டன. கௌதம் செருப்பை மாட்டிக்கொண்டு, அப்போதும் முகம் சுளிக்காமல், நடந்து போனான்.

அன்று மாலையே சுனிதா ஆட்டோ பிடித்து நந்திதுர்க் போனாள். மனோகர் வீட்டு வாசலில் நின்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

“டேய் மனோகர்! வெளிய வா! நான் கண்ணாடி கழட்டினத எந்தக் கண்ணால பாத்த நீ? உனக்கு ரெண்டு கீதே, எதால பாத்த?”

அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவருகே வந்து நின்றாள். பின்னால் மனோகர் வந்தான். சவரம் செய்து நாளாகியிருந்தது.

“அக்கா, உள்ள வாக்கா.”

“வர மாட்டேன். இங்கயே சொல்லு.”

அவன் தெருவில் நின்றவர்களைப் பார்த்தான், பிறகு அவள் கண் கட்டைப் பார்த்தான். “லேத்துக்கு எடுத்துட்டுப் போனது நான்தான்க்கா,” என்றான். “கௌதம் சார்தான் அனுப்பினாரு. செஞ்சவங்களுக்கு அனுப்பினா பர்மிஷன், அது இதுன்னு லேட்டாவும், அதுவரைக்கும் கிளைங்க துப்பாக்கி இல்லாம நிக்கணும்னு சொன்னாரு. நாலையும் டிபன் பையில போட்டுக் குடுத்தாரு. பட்டறக்காரன் வைஸ்ல இறுக்கிப் புடிச்சி அரத்தால தேச்சான். நான் பக்கத்துலயே நின்னேன். இப்ப சொன்னா மொதல்ல உள்ள போறது நான்தான்னு சார் சொல்றாரு.”

யார் அறைந்தாலும் திருப்பி அறைகிறவன் இல்லை மனோகர். சிறுவயதிலிருந்து யார் சொன்னாலும் சரி என்றே பழகியவன். அது தெரிந்ததும் சுனிதாவின் கோபம் கூடியதே தவிர குறையவில்லை.

“மிச்சம் மூணு எங்கடா இப்ப?”

“கிளைலதான் கீது.”

அதுதான் அவளை உலுக்கியது. போலீஸ் எடுத்தது ஒன்றைத்தான். மற்ற மூன்றும் இன்னும் வாசலில் நிற்கிற காவலர்களின் இடுப்பில் தொங்குகின்றன. இடுப்பில் குழந்தையும் கைப்பையில் கம்மலுமாகப் பெண்கள் அவர்களை உரசிக்கொண்டு உள்ளே போகிறார்கள். ஒரு நாள், ஒரு தடவை, அதைச் சுட நேர்ந்தால்?

ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னாள். கைப்பற்றியதை லேபுக்கு அனுப்பியிருக்கிறோம், பதில் வர மாதக்கணக்காகும், மற்ற மூன்றின்மேல் புகார் எதுவும் இல்லையே என்றார்கள். கிளைகளின் காவலர்களிடம் நேராகவே போய்ச் சொன்னாள். அவர்கள் முனக ஆரம்பித்தார்கள். பங்காரப்பேட்டை கிளையில் இருந்த பாக்கியவதி, இந்தச் சனியனை இனி இடுப்பில் கட்ட மாட்டேன் என்று கழற்றிக் கவுண்டர்மேல் வைத்துவிட்டாள். முனகல் ஹெட் ஆபீஸ் காதுக்குப் போகும் முன்னால் அடக்கிவிட நினைத்தான் கௌதம். எல்லோரையும் கிளப்புக்கு வரச் சொன்னான். மூன்று ரிவால்வரையும் அவர்கள் முன்னாலேயே சுட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. சுனிதாவைக் கூப்பிடவில்லை. பாக்கியவதி போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

காலை வெயிலில் சயனைட் மேடு கண்ணைக் கூச வைத்தது. காவலர்கள் ஓரமாக நின்றிருந்தார்கள். மேசைமேல் மூன்று ரிவால்வர்கள். சுடுவதற்கு மனோகரையே நிறுத்தியிருந்தான் கௌதம். தன்னைப் பற்றி வாயே திறக்காத ஆள் என்ற தைரியம். மனோகர் கையில் சுனிதா இடுப்பில் கட்டிக்கொண்டிருந்த ரிவால்வர் இருந்தது. கண்ணில் கட்டோடு அவள் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் விலகி வழி விட்டார்கள்.

“வாங்க சுனிதா,” என்றான் கௌதம். “நல்லதாப் போச்சு. நீங்களே பாத்துட்டுப் போங்க. ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லல்ல? அப்ப நீ அங்க நில்லு.”

‘சார்’ போய்விட்டதை எல்லோரும் கவனித்தார்கள். மனோகரின் வலப்பக்கத்தை அவள் காட்டினாள். “நான் நின்ன எடம் அதுதான். மேசமேல கைய ஊனி, குனிஞ்சி நில்லு. அவன் ஆறும் சுடட்டும்.”

டென்சில் குறுக்கே வந்தார். “நோ, நோ. ஆள நிறுத்தற வேல என் ரேஞ்சுல வேணாம். நான் ஒரு பேப்பர் கட்டித் தரேன்.”

கௌதம் கையைக் காட்டி அவரை நிறுத்தினான். எல்லோருடைய கண்ணும் தன்மேல் இருந்தது அவனுக்குத் தெரிந்தது. அவன் சொன்ன பொய்யை இந்தச் சில வாரங்களில் அவனே நம்பியும் இருக்க வேண்டும். “நானே நிக்கறேன்,” என்றான். “பயந்துக்கற ஆளுங்க வேற வேல பாத்துக்கலாம்.” போய் நின்றான். சட்டைக் கையை மடித்துவிட்டு மேசையில் ஊன்றிக் குனிந்தான். முகத்தில் அதே சிரிப்பு.

மனோகர் சுனிதாவைப் பார்த்தான். அவன் கையை நீட்டினான்.

சுனிதா கௌதமின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கண், மனோகர் பக்கம் இருந்த கண், வெயிலுக்கு இடுங்கியிருந்தது. புருவத்தில் ஒரு வியர்வைத் துளி நின்றது. இவனுக்கும் போகட்டும் என்று அவள் மனம் முழுக்கச் சொல்லியது. போகட்டும். அப்போதுதான் தெரியும். காலையில் எழுந்து, இடப்பக்கம் டம்ளர் இருப்பது தெரியாமல் தட்டிவிட்டு, அதைப் பொறுக்கட்டும். மனோகரின் விரல் டிரிகரில் மடங்கியது.

“நிறுத்து!”

அவள் குரல் மண் மேட்டில் மோதித் திரும்பியது. மனோகர் துப்பாக்கியைத் தாழ்த்தினான். சுனிதாவுக்கு இத்தனை நாளில் வந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது அந்த நொடியில். ஏனென்றால் இது அவள்மேலேயே வந்த கோபம். தன் கண்ணைத் தின்றவனின் கண்ணைத் தானே காப்பாற்ற வேண்டியிருந்ததே என்ற கோபம்.

கௌதம் நிமிர்ந்தான். “பாத்தீங்களா?” என்று காவலர்களைப் பார்த்துச் சொன்னான். “அவங்க சொல்ற கதைய அவங்களே நம்பல. நம்பினா சுட விட்டிருப்பாங்க.”

“டென்சில் அங்கிள்,” என்றாள் சுனிதா பல்லைக் கடித்துக்கொண்டு. “பேப்பர் கட்டுங்க.”

இலக்குத் தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் தெரிய, இரண்டு கம்புக்கு நடுவே இழுத்துக் கட்டினார் டென்சில். கௌதமின் முகம் இருந்த அதே இடம், அதே உயரம். மனோகர் சுட்டான். தாள் காற்றில் லேசாக ஆடியது. அவ்வளவுதான். இரண்டாவது. ஒன்றுமில்லை. கௌதம் சத்தமாகச் சிரித்தான். “இன்னும் எத்தன வேஸ்ட் பண்ணணும்?”

மூன்றாவது சூட்டில் தாள் ‘சடக்’கென்று கிழிந்தது.

“சிலிண்டர்ல எல்லா ஓட்டையும் ஒரே மாதிரி கோணாது. ஒண்ணு ரெண்டுதான் தப்பு வரும்,” என்றார் டென்சில் தாழ்ந்த குரலில். நான்காவது சூட்டில் தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவது, முதல் கிழிசலுக்குச் சற்று மேலே இன்னொரு கிழிசல் போட்டது. மனோகர் ஆறாவதைச் சுடவில்லை. தோட்டாவை வெளியே தட்டிவிட்டு ரிவால்வரை மேசைமேல் வைத்தான்.

கௌதம் தாளருகே போனான். கிழிசலைப் பார்த்தான். அவன் கை தானாக மேலேறித் தன் இடது கன்னத்தைத் தொட்டது. அவன் முகம் சுளித்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

“லேத்துக்கு எடுத்துட்டுப் போனது நான்,” என்றான் மனோகர், யாரும் கேட்காமலே. “எடுத்துட்டுப் போகச் சொன்னது இவரு. அக்காவுக்கு எந்தக் கண்ணாடியும் குடுக்கல. எங்க யாருக்கும் குடுக்கல. நான் பொய் சொன்னேன். ஸ்டேஷன்ல வந்து மாத்திச் சொல்றேன்.”

பாக்கியவதி மற்ற இரண்டு ரிவால்வர்களையும் கையில் எடுக்கவே மாட்டேன் என்றாள். டென்சில் மூன்றையும் கிளப்பின் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, போலீஸ் வந்தால்தான் திறப்பேன் என்றார். அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு எல்லோருமாகவே ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது சுனிதாவுக்குப் பிடித்த மாதிரி நடக்கவில்லை. மூன்று ரிவால்வரும் கைப்பற்றப்பட்டன. அது ஒன்றுதான் உடனே நடந்தது. பட்டறைக்காரன்மேலும் மனோகர்மேலும் கௌதம்மேலும் வழக்குப் பதிவானது. மனோகரை உள்ளே வைத்து, பிறகு ஜாமீனில் விட்டார்கள். அவன் இல்லாதபோது அவன் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கம்பெனியோ, இதெல்லாம் கௌதம் தன் இஷ்டத்துக்குச் செய்தது, எங்களுக்குத் தெரியாது என்று கை கழுவி அவனை வேலையை விட்டு நீக்கியது. ஏசி அறை வேலையைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை. ராகேஷும் பேசவில்லை. ஒரு நாள் மட்டும், “நீ அன்னிக்கு அந்தப் பைய வீசினது சரிதான்,” என்றான்.

வழக்கு நடக்கிறது. போன வாய்தாவன்று கோர்ட்டு வராந்தாவில் கௌதம் அவளிடம் வந்தான். இளைத்திருந்தான். வக்கீல் தடுத்தும் வந்தான்.

“நீங்க அன்னிக்கு நிறுத்துன்னு சொல்லலன்னா…” என்று ஆரம்பித்தான். “தினமும் நெனச்சுக்கறேன். ரொம்ப தேங்க்ஸ்ங்க.”

சுனிதா அவன் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உன் தேங்க்ஸ வெச்சிக்கினு நான் இன்னா பண்ண?” என்றாள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். “உள்ள போ. ஜட்ஜ் முன்னாடி, ஆமா, நான்தான் ராவச் சொன்னேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு. கண்ணாடி குடுக்கலன்னு சொல்லு. அத்த சொல்லிட்டு வா, அப்புறம் பேசு!”

அவன் உள்ளே போனான். அவன் வக்கீல் இன்னொரு வாய்தா கேட்டார். கொடுத்தார்கள்.

சுனிதா படியிறங்கி ரோட்டுக்கு வந்தபோது மனோகர் டீக்கடையிலிருந்து இரண்டு கிளாஸோடு வந்து நின்றான். அவள் பார்வை போகாத இடப்பக்கம் நிற்காமல் வலப்பக்கமாகச் சுற்றி வந்து ஒன்றை நீட்டினான். அவனோடு அவள் இன்னும் பேசுவதில்லை. டீயை வாங்கிக் குடித்தாள். பிறகு மாரிகுப்பம் பஸ்ஸில் ஏறி, சில்லறை இல்லை என்ற கண்டக்டரோடு ஆண்டர்சன்பேட்டை வரும்வரை சண்டை போட்டுக்கொண்டே போனாள்.